வேலூரில் கரு ஸ்டெம் செல் வளர்ப்பு: எந்தச் செல், எந்தப் படுகை, எந்தப் பாதை

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துக் கல்லூரிகளின் உயிரித் தொழில்நுட்பத் துறைகள் பல, ஹீலா போன்ற எளிதில் வளரும் செல்களைக் கொண்டு மாணவர்களுக்குச் செல் வளர்ப்பைக் கற்பித்துவருகின்றன. அவற்றுள் ஒரு துறை அடுத்த படியாகக் கரு ஸ்டெம் செல்களை (தொடக்கநிலைக் கருவிலிருந்து பெறப்பட்டு, உடலின் எவ்வகைச் செல்லாகவும் மாறக்கூடியவற்றை) வளர்த்து, அவற்றை இதயச் செல்லாகவோ நரம்புச் செல்லாகவோ இரத்தச் செல்லாகவோ வேறுபடுத்த விரும்பினால், எந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். அந்த விருப்பம் இந்த ஊரில் எழுவது இயல்பு. சி.எம்.சி. மருத்துவமனை 1986ஆம் ஆண்டு முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துவருகிறது. பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்தின் அங்கமான ஸ்டெம் செல் ஆய்வு மையம் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்தில் இயங்குகிறது. ஹீமோஃபீலியா ஏ என்னும் இரத்தம் உறையாமை நோயுள்ள ஐவருக்கு இங்கே அளிக்கப்பட்ட மரபணுச் சிகிச்சையின் முடிவுகள் 2024 இறுதியில் வெளியாயின. ஆனால் இச்சிகிச்சைகள் அனைத்தும் வளர்ந்த மனிதரின் இரத்த ஸ்டெம் செல்களைச் சார்ந்தவை. அவற்றை வளர்ப்புத் தட்டில் காலவரையின்றிப் பெருக்க இயலாது. அவை இரத்தச் செல்களைத் தவிர வேறொன்றாக மாறுவதுமில்லை. கரு ஸ்டெம் செல் இவ்விரண்டு வகையிலும் மாறுபட்டது. எனவே மருத்துவமனை அருகில் இருப்பதனால் நமக்கு நோயாளிகளின் தேவையைப் பற்றிய அறிவு கிடைக்கிறதேயன்றி, கரு ஸ்டெம் செல்லைக் கையாளும் பழக்கம் தானாக வந்துவிடாது. அதை அடியிலிருந்தே கட்ட வேண்டும்.

எந்தச் செல்லில் தொடங்குவது

நம் முன் மூன்று வாய்ப்புகள் உள்ளன. முதலாவது சுண்டெலியின் கரு ஸ்டெம் செல். மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும் ஒருபுறமும், கேல் மார்ட்டின் மற்றொருபுறமுமாக 1981இல் இதைப் பிரித்தெடுத்தனர். இரண்டாவது, விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் 1998இல் பிரித்தெடுத்த மனிதக் கரு ஸ்டெம் செல். அவர் உருவாக்கிய எச்1, எச்9 செல் வழிகள் (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து பெருக்கப்படும் செல் தொகுதிகள்) இன்றும் உலகெங்கும் அளவுகோலாகப் பயன்படுகின்றன. மூன்றாவது, ஷின்யா யாமனாகா 2006இல் சுண்டெலியிலும் 2007இல் மனிதரிலும் ஆக்ட்-4, சாக்ஸ்-2, கே.எல்.எஃப்.-4, சி-மிக் ஆகிய நான்கு மரபணுக்களைச் செலுத்தி உருவாக்கிய ஐ.பி.எஸ். செல். தோல் செல்லையோ இரத்தச் செல்லையோ பின்னோக்கித் திருப்பிப் பெறப்படும் இது, கருவைத் தொடாமலே கரு ஸ்டெம் செல்லுக்கு நிகரான திறனைத் தருகிறது.

முதன்முதலாகத் தொடங்கும் துறைக்குச் சுண்டெலிச் செல்லையே நான் பரிந்துரைப்பேன். 0.1 விழுக்காடு ஜெலட்டின் பூசிய தட்டில், லிஃப் என்னும் புரதம் கலந்த மீடியத்தில் (ஊட்டக் கரைசலில்) அது வளர்கிறது. டிரிப்சின் என்னும் நொதியை இட்டுத் தனித்தனிச் செல்லாகப் பிரித்தாலும் பிழைத்துக்கொள்கிறது. அரை நாளிலிருந்து முக்கால் நாளுக்குள் ஒருமுறை இரட்டிக்கிறது. மனிதச் செல்லோ ஏறத்தாழ ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. தனிச் செல்லாகப் பிரித்தால் பெரும்பகுதி மடிந்துவிடுகிறது. லிஃபை நிறுத்திவிட்டுச் சுண்டெலிச் செல்களைத் தொங்கும் துளிகளில் திரளவிட்டால், பத்து நாட்களையொட்டித் தட்டில் இதயத் திசு துடிக்கத் தொடங்குவதை இரண்டாமாண்டு முதுகலை மாணவர் தம் கண்ணாலேயே காணலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள் மனிதச் செல்களுக்கென வகுக்கப்பட்டவை. ஆகையால், முன்பே நிறுவப்பட்ட சுண்டெலிச் செல் வழியில் கைப்பழக்கம் பெறுவதற்கு நிறுவன அளவிலான ஸ்டெம் செல் குழு அமையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இருப்பினும், இந்தப் பயிற்சிக்கு ஓர் எல்லை உண்டு. அதை அறியாமல் மனிதச் செல்லுக்குத் தாவுவோர் முதல் மாதத்திலேயே தடுமாறுவர். சுண்டெலிச் செல்லை மாறாமல் காக்கும் லிஃப், மனிதச் செல்லைக் காப்பதில்லை. லிஃபோடு சேர்ந்து சுண்டெலிச் செல்லின் ஸ்டெம் தன்மையைப் பேணும் பி.எம்.பி.-4 என்னும் புரதம், மனிதச் செல்லை நஞ்சுக்கொடித் திசுவை ஒத்த வகைக்குத் தள்ளுகிறது. இதற்கு மாறாக, மனிதச் செல்லுக்கு உயிர்நாடியான எஃப்.ஜி.எஃப்.-2 என்னும் வளர்ச்சிக் காரணி, சுண்டெலிச் செல்லை வேறுபாட்டின் பக்கம் நகர்த்துகிறது. இந்த முரணுக்குக் காரணம், தட்டில் வளரும் சுண்டெலிச் செல் கரு கருப்பையில் பதிவதற்கு முந்தைய நிலையையும், வழக்கமான மனிதச் செல் பதிந்த பிந்தைய நிலையையும் ஒத்திருப்பதாகும். ஆகவே சுண்டெலிச் செல்லில் கற்க வேண்டியவை கையின் ஒழுங்கு, தூய்மை, நுண்ணோக்கியில் பார்க்கும் பழக்கம் ஆகியவை. மீடியத்தின் செய்முறைக் குறிப்பை அங்கிருந்து இங்கே எடுத்துவரலாகாது.

அடுத்து, மனிதக் கரு ஸ்டெம் செல்லா, ஐ.பி.எஸ். செல்லா என்னும் கேள்வி. பலரும் ஐ.பி.எஸ். செல்லையே உடனடி விடையாகச் சொல்வர். கருவைச் சார்ந்த அறநெறிக் கேள்வி அதில் எழுவதில்லை என்பதும், ஒரு நோயாளியின் சொந்த மரபணுக் குறையை அப்படியே தட்டில் கொண்டுவர முடியும் என்பதும் வலுவான காரணங்களே. தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயுள்ள ஒரு குழந்தையின் சில மில்லிலிட்டர் இரத்தத்திலிருந்து அக்குழந்தையின் செல் வழி ஒன்றை உருவாக்கலாம் என்பது, வெளிமாநிலங்களிலிருந்தும் ஜோலார்பேட்டை, காட்பாடி வழியாக நோயாளிகள் வந்துசேரும் இந்த ஊரில் வெறும் ஏட்டுச் செய்தி அன்று. ஆயினும் புதிதாக ஐ.பி.எஸ். செல் உருவாக்குவது வேறு, உருவாக்கிச் சரிபார்த்த ஒன்றை வாங்கி வளர்ப்பது வேறு. அந்த நான்கு மரபணுக்களையும் ஏற்றிய சென்டாய் வைரஸைக் கொண்டு செல்லைத் திருப்பினால் மூன்று, நான்கு வாரங்களில் முதல் காலனிகள் தோன்றும்; அதன் பின் வைரஸ் முழுமையாக மறையும்வரை பல பாசேஜ்கள் (செல்களைப் பிரித்துப் புதிய தட்டுக்கு மாற்றும் சுற்றுகள்) கடக்க வேண்டும்; குரோமோசோம்களைச் சரிபார்த்து, உடலின் திசுக்கள் அனைத்தும் தோன்றும் மூன்று கரு அடுக்குகளாகவும் மாறும் திறனை நிறுவுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஒவ்வொரு கொடையாளரின் செல்லும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். கையே பழகாத நிலையில், தவறு செல்லினுடையதா நம்முடையதா என்று பிரித்தறிய வழியிராது.

ஆதலால், முதல் மனிதச் செல் வழி நன்கு அறியப்பட்ட ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இந்தியாவிலேயே பெங்களூருவின் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் உருவாக்கப்பட்ட பி.ஜே.என்.ஹெம்-19, பி.ஜே.என்.ஹெம்-20 என்னும் கரு ஸ்டெம் செல் வழிகளும், மும்பையின் தேசிய இனப்பெருக்க நல ஆய்வு நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட கைண்ட்-1, கைண்ட்-2 வழிகளும் உள்ளன. மேலைநாட்டுச் செல் வழியை மட்டுமே நம்பி நிற்கும் நிலை நமக்கில்லை என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. எந்தச் செல் வழியானாலும், மனிதச் செல்லைக் கையாளும் முன் நிறுவனத்தின் ஸ்டெம் செல் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டு, தேசிய உச்சக் குழுவிடம் பதிவுபெற்றிருக்க வேண்டும். இதைத் தடங்கலாகக் கருதும் மனப்போக்கு வருந்தத்தக்கது. உபரிக் கரு ஒன்றை ஆய்வுக்கென ஒரு தம்பதி ஒப்படைத்ததனால்தான் அந்தச் செல் வழியே இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு நாம் காட்டும் பொறுப்பின் எழுத்து வடிவம்தான் அந்தக் குழு.

படுகையும் மீடியமும்: வேலூர் வெயிலை முன்னிட்டு

மனிதச் செல்லைத் தட்டில் ஒட்டவைக்க நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன: சுண்டெலிக் கருவின் ஃபைப்ரோபிளாஸ்ட்களாலான (இணைப்புத் திசுச் செல்களாலான) ஃபீடர் படுகை, மேட்ரிஜெல் என்னும் புரதக் கலவை, விட்ரோநெக்டின், லாமினின்-521 என்னும் புரதங்கள். ஒவ்வொன்றுக்கும் அதை விடாமல் பயன்படுத்தும் ஆய்வகங்கள் உண்டு. ஆனால் செலவு, வெப்பம், மனித உழைப்பு ஆகிய மூன்றையும் நம் ஊர் நிலையில் வைத்து எடைபோட்டால் அவற்றின் வரிசை மாறிவிடுகிறது.

ஃபீடர் முறை பழமையானது; தாம்சனின் செல்கள் பிறந்ததும் அதில்தான். கருவுற்று ஏறத்தாழ பதின்மூன்றரை நாளான சுண்டெலிக் கருக்களிலிருந்து செல்களைப் பிரித்து, மைட்டோமைசின் இட்டோ காமா கதிர் பாய்ச்சியோ அவை இனிப் பெருகாதபடி செய்து, அப்படுகையின்மேல் ஸ்டெம் செல்களை வளர்க்க வேண்டும். ஃபீடர்களே பல காரணிகளைச் சுரப்பதால், எஃப்.ஜி.எஃப்.-2 மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் இருந்தாலே போதுமானது. ஃபீடர் இல்லாத வழக்கமான மீடியங்களில் அது 100 நானோகிராமாக உயர்கிறது. விலை உயர்ந்த புரதம் மிச்சமாகிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாக விலங்குக் கூடமும், விலங்கு நெறிக் குழுவின் ஒப்புதலும், வாரந்தோறும் புதிய படுகை தயாரிக்க ஒரு முழு ஆளும் தேவைப்படுகின்றன. வேறுபடுத்தும் கட்டத்தில் சுண்டெலிச் செல்களும் கலந்துவிடுவதால், கிடைத்த முடிவு எந்தச் செல்லினுடையது என்று ஐயமும் எழுகிறது. ஏற்கெனவே விலங்குக் கூடம் வைத்திருக்கும் நிறுவனத்தைத் தவிர மற்றவர்க்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேட்ரிஜெல் மிகப் பரவலாகப் புழங்குவது. சுண்டெலியில் வளரும் ஒருவகைச் சார்கோமாக் கட்டியிலிருந்து பெறப்படும் இந்தக் கலவை, செல்களைப் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. ஆனால் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இறுகத் தொடங்கிவிடும். அதைக் குளிர்பெட்டியில் இரவு முழுதும் உருகவைத்து, பனிக்கட்டியின்மேல் வைத்த குழாய்களில், முன்பே குளிர்வித்த பிப்பெட் முனைகளால் பங்கிட வேண்டும். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ உலர்பனியில் சாலை வழியே வரும் பொட்டலம், அக்னி நட்சத்திர நாட்களில் எங்கோ ஒரு கிடங்கில் சில மணி நேரம் கூடுதலாகக் கிடந்தால், உள்ளே இருக்கும் மேட்ரிஜெல் உருகி, இறுகி, மீண்டும் உறைந்து வந்துசேர வாய்ப்புண்டு. வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டறிய முடியாது. செல்கள் ஒட்டாமல் மிதக்கும்போதுதான் தெரியவரும். தொகுதிக்குத் தொகுதி புரத அளவு மாறுவது இதற்கு மேலான தொல்லை.

இக்காரணங்களால் விட்ரோநெக்டினே வேலூருக்கு ஏற்றதென்று கருதுகிறேன். ஆய்வகத்தில் மரபணு வழியே உற்பத்தி செய்யப்படும் ஒற்றைப் புரதமாதலால் தொகுதி வேறுபாடு குறைவு, அறை வெப்பநிலையிலேயே ஒரு மணி நேரத்தில் தட்டில் பூசிவிடலாம், இறுகும் அச்சமில்லை. தாம்சனின் குழு 2011இல் எட்டே பொருள்களைக் கொண்டு வகுத்த ஈ-8 மீடியத்தோடு அது நன்கு பொருந்துகிறது. அடிப்படைக் கரைசல், வைட்டமின் சி, செலினியம், பைகார்பனேட், இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், எஃப்.ஜி.எஃப்.-2, டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் அவ்வெட்டையும் தனித்தனியே வாங்கி ஆய்வகத்திலேயே கலந்துகொள்ள முடிவதால், ஆயத்த மீடியத்தின் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும். ஒவ்வொரு பொருளும் எதற்காக இருக்கிறது என்று மாணவருக்கும் புரியும். லாமினின்-521 இதைவிடவும் உறுதியாகச் செல்களைப் பற்றும். தனிச் செல்களாகப் பிரித்தாலும் காக்கும். ஆனால் அதன் விலை தொடக்கநிலைத் துறைக்குக் கட்டுப்படியாகாது.

விட்ரோநெக்டின்மேல் வளரும் செல்களைப் பிரிக்க நொதி தேவையில்லை. அரை மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலை ஊற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், நான்கைந்து நிமிடங்களில் காலனியின் நடுவே சிறு சிறு துளைகள் விழத் தொடங்கும். செல்களின் விளிம்புகள் ஒன்றைவிட்டொன்று விலகி ஒளிரும். அந்தக் கணத்தில் கரைசலை எடுத்துவிட்டு மீடியத்தை ஊற்றித் தட்டினால், சிறு திரள்களாக அவை கழன்றுவரும். ஒரு நிமிடம் முந்தினால் கழலாது. இரண்டு நிமிடம் பிந்தினால் தனிச் செல்களாகச் சிதறி மடியும். கடிகாரத்தைவிடக் கண்ணையே இங்கு நம்ப வேண்டும். சிதறிவிட்ட நாளில் ஒய்-27632 என்னும் ராக் தடுப்பானை 10 மைக்ரோமோலார் அளவில் ஒரு நாள் மட்டும் சேர்த்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம்.

ஈ-8 மீடியத்தின் பெருங்குறை, எஃப்.ஜி.எஃப்.-2 37 டிகிரியில் விரைவில் சிதைவதால் அதை நாள்தோறும் மாற்ற வேண்டும் என்பது. பொங்கல் விடுமுறையானாலும் ஞாயிறானாலும் ஒருவர் வந்தே ஆக வேண்டும். வெப்பத்தைத் தாங்கும்படி மாற்றியமைத்த எஃப்.ஜி.எஃப்.-2 இப்போது கிடைக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற அது இடந்தரும். விடுதி மாணவர்களை நம்பி இயங்கும் துறை, தொடக்கத்திலேயே இதற்குச் செலவிடுவது நல்லது.

இதோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். செல் இன்குபேட்டர் சூடாக்குமேயன்றிக் குளிர்விக்காது. உள்ளே 37 டிகிரி நிலைக்க வேண்டுமானால் அறை அதைவிட ஐந்து டிகிரியாவது குறைவாக இருக்க வேண்டும். வெளியே 41, 42 டிகிரி காயும் மே மாதத்தில் குளிரூட்டி நின்றுபோனால், ஜெனரேட்டர் இன்குபேட்டரை மட்டும் தாங்கிப் பயனில்லை. அறை சூடாகி, செல்களும் சேர்ந்து வேகும். ஆகவே மின் தடைக்கான ஏற்பாட்டில் இன்குபேட்டரையும் அந்த அறையின் குளிரூட்டியையும் ஒரே இணைப்பில் சேர்ப்பது, எந்த மீடியத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நிகரான முடிவாகும்.

வேறுபடுத்தும் பாதை

செல்களைத் திரளாக்கி எம்பிராய்டு பாடி என்னும் உருண்டைகளாக வளர்ப்பது ஒரு பாதை. தட்டில் ஒற்றை அடுக்காகப் பரவவிட்டு, குறித்த நாளில் குறித்த மூலக்கூறை இடுவது மற்றொரு பாதை. உருண்டைக்குள் மூன்று கரு அடுக்குகளும் தோன்றுவதால் அது கருவின் வளர்ச்சியை நெருங்குகிறது. ஆனால் உள்ளே இருக்கும் செல்லும் வெளியே இருக்கும் செல்லும் ஒரே செய்தியைப் பெறுவதில்லை. ஒற்றை அடுக்கில் எல்லாச் செல்களும் ஒரே அளவில் பெறுகின்றன. ஆகையால் விளைச்சல் சீராக இருக்கும்.

இதயச் செல் வேண்டுமெனில் ஒற்றை அடுக்கே சிறந்தது. 2012இல் விஸ்கான்சினிலிருந்து வெளியான முறைப்படி, முதல் நாளில் சி.எச்.ஐ.ஆர்.-99021 என்னும் மூலக்கூறை இட்டு, செல்லின் போக்கைத் தீர்மானிக்கும் டபிள்யூ.என்.டி. சமிக்ஞையைத் தூண்டி, மூன்றாம் நாளில் அதே சமிக்ஞையைத் தடுக்கும் மூலக்கூறை இட்டால், எட்டு முதல் பத்து நாட்களில் தட்டு முழுதும் துடிக்கத் தொடங்கும். விலை உயர்ந்த வளர்ச்சிக் காரணிகள் தேவையில்லை. ஆனால் தூண்டியின் அளவையும் தொடக்கச் செல் அடர்த்தியையும் ஒவ்வொரு செல் வழிக்கும் தனியே கண்டறிய வேண்டும். வேறோர் ஆய்வகத்தின் எண்ணை அப்படியே எடுத்தால் பலன் கிடைக்காது. நரம்புச் செல்லுக்கும் ஒற்றை அடுக்கே போதுமானது. நாகின் என்னும் புரதத்தையும் எஸ்.பி.-431542 என்னும் மூலக்கூறையும் இட்டு இரண்டு ஸ்மாட் சமிக்ஞைப் பாதைகளையும் ஒருங்கே தடுத்தால் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட செல்கள் நரம்பு முன்னோடிகளாகும் என்று 2009இல் காட்டப்பட்டது.

இரத்தச் செல்லின் கதை வேறு. வேலூரில் எல்லோரும் விரும்புவதும் அதையே. இங்கே உருண்டை முறைக்குத்தான் முன்னிடம். வட்டஅடிக் குழிகளில் எண்ணி இட்ட செல்களை மையவிலக்கில் சுழற்றி ஒரே அளவு உருண்டைகளாக்கி, பி.எம்.பி.-4, வி.ஈ.ஜி.எஃப்., எஸ்.சி.எஃப். ஆகிய வளர்ச்சிக் காரணிகளை வரிசையாகக் கொடுத்தால் சி.டி.-34 என்னும் அடையாளப் புரதம் தாங்கிய முன்னோடிச் செல்கள் கிடைக்கும். அவற்றிலிருந்து சிவப்பணு வகைச் செல்களையும் பெறலாம். ஆயினும் அச்சிவப்பணுக்கள் பெரும்பாலும் கருப்பருவ, சிசுப்பருவ ஹீமோகுளோபினையே உருவாக்குகின்றன. வளர்ந்தோரின் ஹீமோகுளோபினில் இருக்கும் பீட்டா குளோபின் என்னும் புரதம் மிகக் குறைவு. உட்கருவை வெளியேற்றி முழுச் சிவப்பணுவாவதும் அரிது. பீட்டா தலசீமியாவைத் தட்டில் ஆராய விழையும் துறைக்கு இது அடிப்படையான தடையாகும், ஏனெனில் குறைபாடுள்ள மரபணுவே அங்கு போதிய அளவு வெளிப்படுவதில்லை. தொடக்க நாட்களிலேயே டபிள்யூ.என்.டி. சமிக்ஞையைத் தூண்டி, முதிர்ந்த இரத்த உருவாக்கத்தின் பக்கம் செல்களைத் திருப்பும் முறைகள் 2014 முதல் வந்துள்ளன. அவை நிலைமையை மேம்படுத்தியுள்ளனவே அன்றி முற்றிலும் தீர்க்கவில்லை. பீட்டா குளோபின் ஒன்றே ஆய்வின் பொருளெனில், தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து அழியாத் தன்மையோடு உருவாக்கப்பட்ட ஹூடெப்-2 செல் வழியோ, கொடையாளரின் சி.டி.-34 செல்களோ குறைந்த செலவில் நேரான விடையைத் தரும். கரு ஸ்டெம் செல்லைத் தெரிந்தே விடுவதும் ஒரு நல்ல தேர்வுதான். இரத்தம் உருவாகும் தொடக்கக் கட்டங்களையே ஆராய்வதாயின், கரு ஸ்டெம் செல்லுக்கு மாற்று இல்லை.

ஆக, நான் சொல்லும் வரிசை இது: ஒரு பருவம் சுண்டெலிச் செல், அதன் பின் சரிபார்த்த ஒரே ஒரு மனிதக் கரு ஸ்டெம் செல் வழி, விட்ரோநெக்டினும் ஈ-8 மீடியமும், முதல் வேறுபடுத்தலாக இதயச் செல், ஏனெனில் அது துடிப்பின் வழியே தன் வெற்றியைத் தானே அறிவித்துவிடும், செலவு மிக்க சாய ஆய்வுகளுக்கு முன்பே கை சரியாயிருக்கிறதா என்று தெரிந்துவிடும், அது மும்முறை சீராக வந்த பின்னரே இரத்தச் செல்லும், நோயாளியின் ஐ.பி.எஸ். செல்லும். மருத்துவர்களோடு கூட்டு ஆய்வுக்குச் செல்லும்போது துறையின் கையில் காட்டுவதற்கு ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா?

எந்தப் பாதையில் சென்றாலும் செல்லின் நலத்தைச் சரிபார்ப்பதில் சிக்கனம் கூடாது. நல்ல காலனியின் விளிம்பு கூர்மையாக இருக்கும்; உட்கரு பெரிதாக, அதனுள் உட்கருமணிகள் தெளிவாகத் தெரியும்; விளிம்பில் தட்டையாகப் பரவிய செல்கள் தோன்றினால் அவற்றைப் பிப்பெட் முனையால் சுரண்டி அகற்றிய பின்பே பிரிக்க வேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கேடுகள் இரண்டு உண்டு. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவர் இல்லாததால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது, மீடியமும் கலங்காது, மாதந்தோறும் பி.சி.ஆர். ஆய்வு செய்வதே வழி. மற்றொன்று குரோமோசோம் மாற்றம். 12, 17ஆம் குரோமோசோம்கள் கூடுதலாதலும், 20ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு சிறு பகுதி இரட்டித்தலும் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. அத்தகைய செல்கள் முன்னிலும் வேகமாக வளர்வதால், செல்கள் நன்கு பழகிவிட்டன என்று மகிழ்ந்துவிடுகிறோம். குரோமோசோம்களைச் சாயமிட்டுப் பார்க்கும் வழக்கமான ஜி-பட்டை ஆய்வில் இந்தச் சிறு இரட்டிப்பு தப்பிவிடக்கூடும். அதற்கெனக் குவான்டிட்டேட்டிவ் பி.சி.ஆர். தனியே செய்ய வேண்டும்.

வாங்கிய செல் வழி வந்த முதல் வாரங்களிலேயே, ஆய்வு எதையும் தொடங்கும் முன், அதைப் பெருக்கி உறையவைத்துவிட வேண்டும். உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ.வை 10 விழுக்காடு கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்வித்து, திரவ நைட்ரஜனில் வைக்கும் இக்குப்பிகளுள் ஒரு தொகுதி மூலச் சேமிப்பாகத் தொடப்படாமல் இருக்கட்டும்; அன்றாடப் பயன்பாட்டுக்கு மற்றொரு தொகுதி. மூலச் சேமிப்பில் சில குப்பிகளை வேறு கட்டடத்திலோ, நட்பான வேறு நிறுவனத்திலோ எழுத்துபூர்வ உடன்பாட்டோடு வைக்க வேண்டும். நைட்ரஜன் கலனின் அளவைக் குச்சியிட்டுப் பார்த்துக் கையொப்பமிடும் ஏடு ஒன்று கலனின் அருகிலேயே தொங்க வேண்டும். நைட்ரஜன் வண்டி வராத வாரத்தில் யாரை அழைப்பது என்பதும் அந்த ஏட்டின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.